க்ளெனிஸ் நின்ற நடுத்திட்டு

விர்ரா க்ரீக்கில் க்ளெனிஸ் க்ளைனிக் விசில் ஊதினால் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெட்ரோல் பங்க்கில் நிற்கிற லாரிக்காரர்களும் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று ஒரு கணம் யோசிப்பார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். விசில் கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு கிடக்கும். தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார்.

"கல்யாணத்தன்னிக்கு இது கழுத்துல இல்ல. இருந்திருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்று அவர் கணவர் மெர்வ் மதுக்கடையில் சொல்லுவார். வீட்டில் சொன்னதாகத் தகவல் இல்லை.

பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு ஜனவரிதான் கோடை. அது வந்தால் அந்த விசிலுக்கு ஊரில் மவுசு கூடிவிடும். கோடை சைக்கிள் பந்தயம் ஒரு வாரம் நடக்கும். நாளுக்கு ஒரு பாதை. அதில் ஒரு நாள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். பனியிலிருந்து தப்பித்து வந்த ஐரோப்பாக்காரர்கள் இங்கே வந்து வெயிலில் வெந்துகொண்டு மிதிப்பார்கள். அவர்களுக்காக ஊரே பழைய சைக்கிள்களுக்குப் பெயிண்ட் அடித்து வேலியில் மாட்டி வைக்கும். தீயணைப்புத் தொண்டர்கள் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ராட்சதச் சைக்கிள்காரன் ஒருவனைச் செய்து வைப்பார்கள். அவனுக்கு எந்த வருடமும் கழுத்து சரியாக அமைந்ததில்லை.

ஊருக்குள் நுழைகிற சாலை சரிவில் இறங்கி வந்து ஒரு ரவுண்டானாவில் முட்டும். அதற்குச் சற்று முன்னால், சாலையை இரண்டாகப் பிரிக்கிற சிமென்ட் நடுத்திட்டு ஒன்று உண்டு. சரிவில் காரைவிட வேகமாக வருகிற சைக்கிள் கூட்டத்தில், பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகுதான் தெரியும், திட்டு தெரியாது. அதனால் திட்டின் மேல் ஒருவர் நின்று, மஞ்சள் கொடியை ஆட்டி, விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் அவரைப் பார்த்து இரண்டாகப் பிரிந்து இருபுறமும் போய்விடும். கடைசி வண்டி போகும்வரை அவர் திட்டை விட்டு இறங்கக் கூடாது. இது விதி. விதியை எழுதியவர்கள்கூட க்ளெனிஸ் அளவுக்கு அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம். அந்தக் கூட்டத்தில் அவருடைய ஒரே மகன் ப்ரோடியும் இருந்தான்.

ப்ரோடி சைக்கிள்காரன் ஆனதற்கே அம்மாவின் பேருந்துதான் காரணம். "ப்ரோடி, உக்காருடா!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துகிற டிரைவரின் பேருந்தில் ஏற மாட்டேன் என்று பள்ளி நாட்களிலேயே சைக்கிளை எடுத்துவிட்டான். தண்ணீர்த் தொட்டி மேட்டில் பேருந்துக்கு முன்னால் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போவான். முதுகில் புத்தகப்பை புடைத்திருக்கும். இடது தோள் தாழ்ந்திருக்கும். அவனை முந்திப் போக எவ்வளவோ இடம் இருந்தும் க்ளெனிஸ் ஒருநாளும் முந்தியதில்லை. பின்னாலிருந்து பிள்ளைகள், "மிஸஸ் க்ளைனிக், இன்னிக்கும் லேட்டு!" என்று அலறுவார்கள்.

"பாதுகாப்பு" என்பார் க்ளெனிஸ். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

அப்படி மிதித்துப் பழகியவன் வெளிநாட்டு அணி ஒன்றில் சேர்ந்தான். ஆனால் ஜெயிப்பது அவன் வேலையல்ல. அணியில் ஜெயிப்பதற்கென்று வேறு ஒருவன் இருந்தான். அவனுக்குத் தாகம் எடுத்தால் பின்னால் போய், அணியின் காரிலிருந்து பாட்டில்களை வாங்கி, ஜெர்சிக்குள் முதுகிலும் வயிற்றிலும் திணித்துக்கொண்டு, மறுபடி மிதித்து முன்னேறிக் கொடுப்பதுதான் ப்ரோடியின் பிழைப்பு. கூட்டாளிகள் அவனை 'ஐஸ்பெட்டி' என்று கூப்பிட்டார்கள். தொலைக்காட்சியோ முன்னால் போகிறவர்களையே காட்டும். இவன் எப்போதும் பின்னால் கார்களுக்கு நடுவே இருந்தான். "உங்க பையன் நிஜமாவே பந்தயத்துல இருக்கானா, இல்ல கார்ல டிரைவரா?" என்று ரொட்டிக்கடைக்காரர் ஒருமுறை மெர்விடம் கேட்டே விட்டார்.

நேரில் பார்க்கலாம் என்றால், கொடியோடு நிற்பவருக்கு எப்படி முடியும்? நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தலைக்கவசம், ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி. வலதும் இடதும் காற்று கிழியும். வெயில் களிம்பு வாசனை ஒரு வீச்சு வரும். அவ்வளவுதான், தெரு காலி. சாயங்காலம் தொலைபேசி அடிக்கும்.

"பாத்தியாம்மா?"

"பாக்காம? இடப்பக்கமா போனே. இளைச்சுட்டடா."

இளைத்துவிட்டான் என்பது எந்த வருடமும் பொருந்தும். பக்கம்தான் சிக்கல். அதையும் இடம், வலம் என்று வருடத்துக்கு ஒன்றாக மாற்றிச் சொல்லிச் சமாளித்து வந்தார். பேருந்தில் ஒரு பிள்ளை மிட்டாயை மறைத்தால்கூட மோப்பம் பிடிக்கிற க்ளெனிஸ், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கூசாமல் பொய் சொன்னார்.

இந்தக் கிறிஸ்துமஸ் அன்று, பன்றித்தொடையும் இறாலும் குளிரக் குளிரப் பரப்பியிருந்த மேசையில், ப்ரோடி ஒரு விஷயம் சொன்னான். "இந்தக் கோடையோட நிறுத்திக்கிறேன். கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

மெர்வ் அவன் தோளைத் தட்டினார். க்ளெனிஸ் இறாலை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்ததையெல்லாம் அவன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அன்றிரவு அவருக்குள் ஒரே எண்ணம். இதுதான் கடைசி தடவை. ஒரு தடவையாவது பொய்யில்லாமல் "பார்த்தேன்" என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

அவருடைய சிநேகிதி நோலீன், ரவுண்டானாவின் மறுபக்கம் கார்களை நிறுத்துகிற வேலையில் இருப்பவர், இதைக் கேட்டு, "கொடிய எங்கிட்ட குடு க்ளென். நீ வேலி ஓரமா நின்னு நிம்மதியா பாரு" என்றார்.

"நீ விசில் ஊதுறத கேட்டிருக்கேன் நோலீன். கெட்டில்ல தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். எவனாவது திட்டுல மோதி செத்தா?"

"உம்பையனப் பாக்கணும்னு நீதானே அழுதே?"

"நான் எங்க அழுதேன்? சும்மா சொன்னேன்."

கொடி கைமாறவில்லை.

இதற்கிடையில் மெர்வுக்கு ஒரு ரகசியத் தொலைபேசி வந்திருந்தது. சைக்கிள்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால், அவன் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னால் போகலாம். வீட்டாரைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளும்வரை மற்றவர்கள் மெதுவாக மிதிப்பார்கள். இத்தனை வருடம் ப்ரோடி கேட்டதில்லை, பாட்டில் தூக்குகிறவனுக்கு எதற்கு என்று. இந்தத் தடவை கேட்டுவிட்டான். கூட்டம் சரி என்றது.

"அம்மாகிட்ட சொல்லி வைப்பா. கூட்டத்துக்கு முன்னால நான் தனியா வருவேன்னு" என்றான்.

மெர்வ் ஊர் முழுக்கச் சொன்னார். ரொட்டிக்கடையில், மதுக்கடையில், பள்ளி வாத்தியக் குழுவிடம், தேவாலயத்தில், எல்லா இடத்திலும் சொன்னார். க்ளெனிஸிடம் மட்டும் சொல்லவில்லை. "திடீர்னு பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவா!" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

பந்தய நாளன்று வடக்குக் காற்று அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி அடித்தது. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஈக்கள் மட்டும்தான் சுறுசுறுப்பாக இருந்தன. தீயணைப்புக் கொட்டகை வாசலில் மெர்வ் தகட்டில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் சாசேஜிலும் இல்லை, வெங்காயத்திலும் இல்லை, சரிவின் உச்சியில் இருந்தது.

க்ளெனிஸ் பளபளக்கும் மஞ்சள் மேலங்கியோடு திட்டில் ஏறி நின்றார். முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பின்னால் முன்னோடிக் கார். அதை ஒட்டி, கூட்டத்தை விட்டுத் தப்பி வந்த மூன்று பேர் விர்ரென்று போனார்கள். பெருங்கூட்டம் வர இன்னும் சில நிமிடம் இருந்தது.

இந்த இடைவெளிதான் க்ளெனிஸுக்குத் தலைவலி. நகரத்திலிருந்து வருகிற ரசிகர்கள் அசல் வீரர்களின் ஜெர்சியையே வாங்கி மாட்டிக்கொண்டு, தடுப்புக்குள் நுழைந்து, மூடிய சாலையில் கொஞ்ச தூரம் வீரர் மாதிரி மிதித்துப் பார்ப்பார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், வயிறு கொஞ்சம் முன்னால் போகிறவர்கள். வருடா வருடம் இவர்களை விரட்டுவது க்ளெனிஸின் வேலை. அதில் அவருக்கு ஒரு தனி ருசியும் உண்டு.

அந்த நேரம் சரிவில், ப்ரோடியின் அணி போடுகிற ஊதா ஜெர்சி ஒன்று தனியாக இறங்கி வந்தது.

"வந்துட்டான்!" என்று மெர்வ் இடுக்கியோடு ஓடி வந்தார். வாத்தியக் குழு முழங்கியது. ஊரே கைதட்டியது. ரொட்டிக்கடைக்காரர் தொப்பியை வீசினார், அது வைக்கோல் சைக்கிள்காரனின் மூக்கில் மாட்டிக்கொண்டது. க்ளெனிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வயிற்றைப் பார்த்து ஊர் ஏன் இப்படிக் கத்துகிறது?

விசில் கிளம்பியது. ஊதா ஜெர்சி தடுமாறி நின்றது.

"லாய்ட் டாக்டர், நீங்களா? போன வருஷமும் நீங்கதானே? இறங்குங்க. சைக்கிள தூக்கிக்கிட்டு நடைபாதைக்குப் போங்க."

பல் டாக்டர் லாய்ட் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா ரவுண்டானா வரைக்கும்தான்... ஜனங்க இவ்வளவு கைதட்டுனாங்களே?"

"அவங்களுக்கு வெயில். போங்க."

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மெர்வின் முகம் தொங்கிப்போனது. ஏன் தொங்கியது என்று க்ளெனிஸ் கேட்க நினைத்தார். அதற்குள் இன்னொரு ஊதா ஜெர்சி சரிவில் தெரிந்தது. இதுவும் தனியாகத்தான் வந்தது. இதற்கு வயிறு மட்டுமல்ல, முதுகும் புடைத்திருந்தது.

ஒரு தடவை ஏமாந்த ஊர் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. வாத்தியக்காரர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். மெர்வ் ஏற்கனவே சாசேஜுக்குத் திரும்பியிருந்தார். அந்த அமைதியில் விசில் மட்டும் ஊரைக் கிழித்தது. வந்தவனோ நேராகத் திட்டுக்கு வந்து, பிரேக் போட்டு, காலை ஊன்றி, இளித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தான்.

"இன்னொண்ணா! ஒரு நாளைக்கு எத்தன பேருய்யா! ஓரமா போ!"

அவன் திட்டின் மேல் ஏறினான்.

"கட்டிப்பிடிக்கவா வர்ற? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? போலீஸக் கூப்பிடுவேன்!"

"அம்மா..."

"எவண்டா உனக்கு அம்மா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். முகமெல்லாம் கருத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இரண்டு வட்டம். க்ளெனிஸின் வாயிலிருந்து விசில் விழுந்து கயிற்றில் ஆடியது.

"ப்ரோடி! நீ ஏண்டா பந்தயத்துல இல்ல? உன்ன வெளிய அனுப்பிட்டாங்களா?"

"முன்னால வந்திருக்கேன்மா."

"முன்னாலயா? நீயா?"

"அப்பா சொல்லலியா?"

க்ளெனிஸ் கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மெர்வின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. நடந்தது என்னவென்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தியங்கள் ஆளுக்கொரு பாட்டாக வாசிக்கத் தொடங்கின. க்ளெனிஸ் மகனைக் கட்டிக்கொண்டார். கை முதுகில் பட்ட இடமெல்லாம் சில்லென்று இருந்தது.

"என்னடா இது மூட்டை?"

"தண்ணி பாட்டில். கார்ல வாங்கிட்டு முன்னேறி வந்தேன், குடுக்கறதுக்குள்ள 'போ போ, உங்க ஊரு வந்துருச்சு'ன்னு தள்ளி விட்டுட்டாங்க. சரிம்மா, நான் இப்போ..."

அவன் திட்டிலிருந்து இறங்கக் காலை எடுத்தான். சரிவின் உச்சி கறுத்தது. பெருங்கூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. மெதுவாக மிதித்தாலும் சரிவு சரிவுதானே. க்ளெனிஸ் ஒரு கையால் மகனின் ஜெர்சியைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்தார். பேருந்துப் படியில் தொங்குகிற பிள்ளையைப் பிடிக்கிற அதே பிடி.

"அசஞ்சே, கொன்னுடுவேன்."

மறு கையில் கொடி எழுந்தது. விசில் வாய்க்குப் போனது. கூட்டம் பிளந்து, அம்மாவையும் மகனையும் நடுவில் விட்டு, இருபுறமும் பாய்ந்தது. "ஐஸ்பெட்டி! ஐஸ்பெட்டி!" என்று வலப்பக்கம் கத்தினார்கள். இடப்பக்கம் யாரோ முத்தச் சத்தம் போட்டார்கள். நடுவில் ஒரு வறண்ட குரல், "டேய், என் தண்ணி எங்கடா!" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டது. அது அணியில் ஜெயிப்பதற்கென்று இருந்தவனின் குரல்.

ப்ரோடி வாயைப் பிளந்து நின்றான். இத்தனை வருடம் கூட்டத்துக்கு உள்ளேயே இருந்தவன், அதை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இதுல... இதுல நீ என்ன எப்படிம்மா பாத்தே?"

க்ளெனிஸ் கொடியை இறக்காமல் சொன்னார். "பாத்தேன்னு யாரு சொன்னா?"

"நீதாம்மா சொன்னே! வருஷா வருஷம்! ஒரு வருஷம் நான் பஞ்சராகி, எல்லாரும் போனப்புறம் கார்களோட வந்தேன். அன்னிக்கும் 'வலப்பக்கமா போனே, சிரிச்ச மொகமா இருந்தே'ன்னே!"

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்டா கேட்டே?"

"நீ எப்படிச் சொல்றேன்னு கேக்க நல்லா இருந்துச்சு."

பேருந்தில் இப்படி ஒருத்தன் பதில் சொல்லியிருந்தால் முன் இருக்கைக்கு மாற்றியிருப்பார் க்ளெனிஸ். அதற்குள் கூட்டத்தின் வால் பகுதியும் போய்விட்டது. அவர் பிடியை விட்டார்.

"போ. அந்தப் பையனுக்குத் தண்ணி குடு. நாக்கு வறண்டு போறான்."

ப்ரோடி சைக்கிளில் தாவி ஏறினான். அணிகளின் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சரிவில் வரத் தொடங்கியிருந்தன. விதிப்படி க்ளெனிஸ் அவற்றைப் பார்த்து நின்று கொடியை ஆட்ட வேண்டும். கொடி ஆடத்தான் செய்தது. ஆனால் கை மட்டும் பின்னால் நீண்டு கார்களுக்காக ஆட்டிக்கொண்டிருந்தது. முகம் மறுபக்கம் திரும்பிவிட்டது. ரவுண்டானாவைத் தாண்டிச் சாலை தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறுகிறது. கூட்டம் மேட்டின் மறுபக்கம் மறைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், முழுச் சாலையும் தனக்கே என்பது போல, ஒருவன் மட்டும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனான். முதுகில் மூட்டை புடைத்திருந்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது. கார்கள் அவனை முந்தவில்லை.

"க்ளென்! கார் இந்தப் பக்கம் வருது!" என்று நோலீன் கத்தினார்.

"தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்றார் க்ளெனிஸ், திரும்பாமலே. அவன் மேட்டில் மறைந்த பிறகுதான் திரும்பினார். கடைசி வண்டி போகும்வரை திட்டை விட்டு இறங்கவில்லை.

இறங்கியதும் மெர்வ் சாசேஜ் சுற்றிய ரொட்டியோடு பயந்து பயந்து வந்தார். "திடீர்னு பாத்தா சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன் க்ளென்."

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எம்புள்ளைய நானே போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் பாத்தேன். வெங்காயம் கருகிடுச்சு, வேற போடு."

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. அன்றைய ஓட்டத்தில் அவன் கடைசியிலிருந்து நாலாவதாக வந்திருந்தான். தண்ணீர் போய்ச் சேர்ந்ததாம், வெந்நீராக.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கமா போனேன்?"

"மேட்டுப் பக்கமா. தோள இன்னும் சாய்ச்சுக்கிட்டுதான் மிதிக்கிறே. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

அப்புறம் ப்ரோடி கேட்டான்.

"இளைச்சிருக்கேனா?"

"இல்லடா. இந்த வருஷம் குண்டாயிட்டே" என்றார் க்ளெனிஸ்.